இருட்சிறையில் மலர்ந்த அன்பு

கிறித்தவச் சிந்தனையில் அன்பு என்பது வெறும் நெஞ்சுருக்கம் அன்று. பெறுவோரின் தகுதியை நோக்காது தன்னையே வழங்கும் செயல். இறைவனே மனிதனை முதலில் நேசித்தான். மனிதனின் நேசமெல்லாம் அதற்கு அளிக்கும் மறுமொழியே என்பது அம்மரபின் அடிப்படை. இக்கருத்தைக் கவிதையிலும், அதனினும் மேலாக வாழ்விலும் விளக்கியவர் ஸ்பெயின் நாட்டுக் கவிஞரான சிலுவையின் புனித யோவான்.

1542இல் ஃபொன்திவேரோஸ் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பட்டு வணிகக் குடும்பத்தவரான தந்தை, ஏழை நெசவுப் பெண்ணை மணந்ததால் உற்றாரால் ஒதுக்கப்பட்டவர். யோவான் சிறுவனாயிருந்தபோதே தந்தை மறைந்தார். தாய் பிழைப்புத் தேடிப் பிள்ளைகளுடன் மெதீனா தெல் காம்போ நகரை அடைந்தார். அங்கு, தொற்றுநோயால் வாடிய வறியோர்க்கான மருத்துவமனையில் பணிபுரிந்துகொண்டே யோவான் கல்வி கற்றார். நேசத்திற்காக எதையெல்லாம் இழக்க நேரும் என்பதை அவர் முதலில் அறிந்தது தம் இல்லத்திலேதான்.

1563இல் கார்மேல் துறவற சபையில் சேர்ந்து, 1567இல் குருவானார். அவ்வாண்டிலேயே அவிலாவின் தெரேசா அம்மையாரைச் சந்தித்து, சபையைப் பழைய எளிமைக்கு மீட்கும் பணியில் இணைந்தார். இதனை எதிர்த்த சபைத் துறவியர் 1577 டிசம்பர் 2ஆம் நாள் இரவில் அவரைப் பிடித்துச் சென்று, தொலேதோ மடத்தின் சிற்றறை ஒன்றில் அடைத்தனர். அகலம் ஆறடி, நீளம் பத்தடி. ஒளி புகுவதற்கு உயரத்தில் ஒரு குறுகிய பிளவு. கசையடியும் பட்டினியும் அன்றாட வாழ்வாயின. ஆயினும் ஆன்மாவைத் தலைவியாகவும் இறைவனைத் தலைவனாகவும் கொண்ட ‘ஆன்மிகப் பாடல்’ என்னும் காதற்காவியத்தின் பெரும்பகுதி அவ்விருளில்தான் உருவாயிற்று. இரக்கமுள்ள காவலர் ஒருவர் தாளும் மையும் தந்து உதவினார். 1578 ஆகஸ்ட் மாதத்தில், போர்வைகளைக் கிழித்துக் கயிறாக்கி, சாளரத்தின் வழியே இறங்கித் தப்பினார்.

தம்மை வதைத்தோரைப் பின்னாளில் அவர் பழித்ததில்லை. 1591இல் தாம் வளர்த்த சீர்திருத்தக் குழுவினரே அவரைப் பொறுப்புகளிலிருந்து நீக்கினர், அவதூறுகளும் எழுந்தன. மனம் வெதும்பிய துறவி சகோதரி ஒருவருக்கு எழுதிய மடலில், அன்பு காணப்படாத இடத்தில் நாமே அதை விதைத்தால் அங்கிருந்தே அது விளையும் என்னும் பொருள்பட அவர் ஆறுதல் கூறினார்.

அக்கூற்றுக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. காய்ச்சலும் காலில் புண்ணுமாக ஊபேதா மடத்திற்குச் சென்றார். அவர்மீது பழைய மனத்தாங்கல் கொண்டிருந்த மடத்தலைவர், நோயாளிக்கு ஆகும் செலவைக்கூடச் சுட்டிக்காட்டி முணுமுணுத்தார். மரணத்தறுவாயில் யோவான் அவரையே அழைத்து, தம்மால் நேர்ந்த தொல்லைகளுக்காக மன்னிப்பு வேண்டினார். கடின நெஞ்சம் கரைந்தது. மடத்தலைவர் கண்ணீருடன் அறையை விட்டு அகன்றார்.

இறுதி வேளையில் உன்னதப்பாட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டவாறே, 1591 டிசம்பர் 14ஆம் நாள் தம் 49ஆம் வயதில் யோவான் உயிர் நீத்தார். 1726இல் புனிதராகவும், 1926இல் திருச்சபையின் மறைவல்லுநராகவும் அறிவிக்கப்பட்டார். ஸ்பானியக் கவிஞர்கள் அவரைத் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகின்றனர். தொலேதோவில் பாடிய அன்பை ஊபேதாவில் வாழ்ந்து காட்டியமையால், அவர் சொல்லும் வாழ்வும் ஒன்றாயின.