ஒரு குடிகாரர் காட்டிய வழி



ஆண்டு மலர் என்றாலே எடிசன், ஜேம்ஸ் வாட், விசுவேசுவரய்யா என்று பெரியவர்களின் வாழ்க்கை வரலாறு வரும். நானும் ஒருவரின் வரலாற்றைத்தான் எழுத வந்திருக்கிறேன். ஆனால் இவர் எந்த மெஷினையும் கண்டுபிடிக்கவில்லை. படிக்கப் போன படிப்புக்குப் பட்டமும் வாங்கவில்லை. 39 வயது வரைக்கும் இவர் ஒரு குடிகாரர். பெயர் வில்லியம் கிரிஃபித் வில்சன். சுருக்கமாக பில் வில்சன்.

குடிகாரனைப் பற்றி நம்ம ஊரில் இரண்டு கருத்துதான் உண்டு. ஒன்று, அவன் திமிர் பிடித்தவன். இன்னொன்று, மனசு வச்சா விட்டுடலாம், வைக்க மாட்டேங்கிறான். இரண்டும் தப்பு என்பதை இந்த மனிதரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் நான் புரிந்துகொண்டேன்.

கல் குவாரி ஊர்ப் பையன்

1895 நவம்பர் 26ஆம் தேதி அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஈஸ்ட் டார்செட் என்ற சின்ன ஊரில் பில் பிறந்தார். சலவைக்கல் வெட்டுகிற ஊர் அது. அப்பாவுக்கும் குவாரியில்தான் வேலை. பில்லுக்குப் பத்து வயசு இருக்கும்போது அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். அப்பா தூர தேசம் போனார். அம்மா மருத்துவம் படிக்க பாஸ்டன் போனார். பில்லும் தங்கையும் தாத்தா பாட்டி வீட்டில் வளர்ந்தார்கள்.

ஆஸ்திரேலியாக்காரர்களைத் தவிர வேறு யாராலும் பூமராங் செய்ய முடியாது என்று தாத்தா ஒருநாள் சொல்லிவிட்டாராம். அவ்வளவுதான்! பையன் மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கிச் செதுக்கி, கடைசியில் எறிந்தால் திரும்பி வருகிற பூமராங்கைச் செய்தே காட்டிவிட்டான். பிடிவாதத்துக்கும் மன உறுதிக்கும் பில்லிடம் குறைச்சலே கிடையாது. இதை நண்பர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1912ல் அவர் நேசித்த பள்ளித் தோழி ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு இறந்துபோனார். பில் இடிந்துபோனார். படிப்பில் மனம் செல்லவில்லை. மாதக்கணக்கில் நீடித்த அந்தச் சோர்வை இன்றைக்கு டாக்டர்கள் மனச்சோர்வு நோய் என்பார்கள். அதற்கு அன்றைக்கு வைத்தியம் பார்ப்பார் யாரும் இல்லை.

முதல் கிளாஸ்

முதல் உலகப் போர் சமயம். 1917ல் பில் ராணுவத்தில் இளம் அதிகாரி. நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில் பணக்காரர்கள் வீட்டு விருந்துக்கு அதிகாரிகளைக் கூப்பிடுவார்கள். கிராமத்துப் பையனான பில்லுக்கு அங்கே எப்படி நிற்பது, என்ன பேசுவது என்றே தெரியவில்லை. அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. நானும் எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவன். நாலு பேர் இங்கிலீஷில் பேசும் இடத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

அந்த விருந்தில்தான் பில் முதல் தடவையாகக் குடித்தார். கொஞ்ச நேரத்தில் கூச்சம் போன இடம் தெரியவில்லை. எல்லோரிடமும் சிரித்துப் பேசினார். தன்னிடம் இத்தனை நாள் இல்லாத ஏதோ ஒன்று கிடைத்துவிட்டதாக நினைத்தார். வலை இப்படித்தான் விழுகிறது நண்பர்களே! முதல் கிளாஸ் யாரையும் அழ வைப்பதில்லை. சிரிக்க வைத்துத்தான் உள்ளே இழுக்கிறது.

1918 ஜனவரி 24ல் லோயிஸ் என்ற பெண்ணை மணந்தார். போர் முடிந்து நியூயார்க் வந்து, இரவுக் கல்லூரியில் சட்டம் படித்தார், பட்டம் வாங்கவில்லை. பங்குச் சந்தையில் மூளை நன்றாக வேலை செய்தது. 1925ல் கணவனும் மனைவியும் சைட்கார் வைத்த ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கம்பெனி கம்பெனியாகப் போய் அவற்றின் நிலவரத்தைப் பார்த்து ரிப்போர்ட் எழுதினார்கள். பணம் கொட்டியது. குடியும் கூடவே ஏறியது. 1929ல் பங்குச் சந்தை சரிந்தபோது எல்லாம் போயிற்று. லோயிஸ் ஒரு கடையில் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். பில் வீட்டில் உட்கார்ந்து குடித்தார். இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்வார், எழுதியும் கொடுப்பார். மறுபடி குடிப்பார். பூமராங் செய்த அதே பிடிவாதக்காரர்தான்!

டாக்டர் சொன்ன விஷயம்

1933லும் 1934லுமாக நியூயார்க்கில் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் பில்லை நான்கு தடவை சேர்த்தார்கள். அங்கே டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் என்பவர் இருந்தார். இது ஒழுக்கக் கேடு கிடையாது, நோய் என்று அவர் விளக்கினார். உள்ளே போன பிறகு உடம்பு மேலும் மேலும் கேட்கும். போவதற்கு முன்னால் மனசு விடாமல் ஏங்கும். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த நோய் என்பது அவர் கருத்து.

எலக்ட்ரிகல் மாணவனான எனக்கு இது டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் மாதிரி தெரிகிறது. பச்சை பட்டனை ஒரு தடவை அழுத்திட்டா, விரலை எடுத்தாலும் காண்டாக்டர் பிடிச்சுக்கிட்டே இருக்கும், மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கும். இந்த நோயாளிக்கு முதல் கிளாஸ்தான் பச்சை பட்டன். ஒரு கிளாஸோடு நிறுத்திக்கொள் என்று அவரிடம் சொல்வதில் பிரயோஜனமே இல்லை. பட்டனைத் தொடாமல் இருப்பதுதான் வழி. சில்க்வொர்த் இதை அலர்ஜி என்றார். அந்த வார்த்தையை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. தொடர்ந்து குடிப்பது மூளையின் வேலையையே மாற்றிவிடுகிறது என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் நோய் என்று அவர் சொன்னது நின்றுவிட்டது. 1956ல் அமெரிக்க மருத்துவச் சங்கமும் இதை நோய் என்று ஒத்துக்கொண்டது.

1934 நவம்பரில் எபி தாட்சர் என்ற பழைய நண்பர் பில் வீட்டுக்கு வந்தார். அவரும் மொடாக்குடியர். பில் ஆசையாக ஊற்றிக் கொடுக்க, அவர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து குடியை நிறுத்தியிருந்தார். உபதேசம் செய்யவில்லை, தன் கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அது பில்லின் மனசைக் குடைந்தது. டிசம்பர் 11ஆம் தேதி பில் நான்காவது தடவையாக ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே அறை முழுக்க வெளிச்சம் நிறைந்தது போல ஒரு அனுபவம் ஏற்பட்டதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார். கொடுத்த மருந்தின் வேலையாக இருக்கலாம் என்பாரும் உண்டு. எப்படியோ, அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை.

ஆக்ரன் நகரில் ஒரு சாயங்காலம்

வெளியே வந்ததும் பில் கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் அறிவுரை சொன்னார். ஐந்து மாதம் சொன்னார். ஒருவர்கூடத் திருந்தவில்லை! ஆனால் பில் குடிக்காமல் இருந்தார். அதை லோயிஸ்தான் அவருக்கு எடுத்துக்காட்டினார்.

1935 மே மாதம் ஒரு கம்பெனி விவகாரமாக ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகருக்குப் போனார். காரியம் தோற்றது. கையில் சொற்பப் பணம், தெரிந்தவர் யாரும் இல்லை. மேஃப்ளவர் ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். ஒரு பக்கம் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோன். அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தான் குடிக்காமல் இருக்கணும்னா இப்போதே பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சர்ச் ஒன்றுக்குப் போன் போட்டார். அங்கே ஆரம்பித்து, ஒருவர் மூலம் ஒருவராக, டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் போய்ச் சேர்ந்தார். டாக்டருக்கு அப்போது 55 வயசு. பல வருஷக் குடி.

மே 12, அன்னையர் தினம். பதினைந்து நிமிஷம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர் ஆறு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார். காரணம், பில் அவரைத் திருத்தப் பார்க்கவில்லை. தன் கதையைச் சொன்னார். உங்களுக்காக வரவில்லை, எனக்காகத்தான் வந்தேன் என்று உடைத்துச் சொன்னார். அதுவரை டாக்டரிடம் பேசியவர்கள் எல்லாம் மேலே நின்று பேசியவர்கள். அன்றைக்குத்தான் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். டாக்டர் நடுவில் ஒரு தடவை சறுக்கினார். பிறகு 1935 ஜூன் 10ஆம் தேதி கடைசியாகக் குடித்தார். அந்த நாள்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. என்ற அமைப்பின் பிறந்த நாள். பெயர் வெளியே சொல்லாத குடிநோயாளிகள் என்று அர்த்தம்.

கூட்டம் பெருகியது

இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாவது ஆளைப் பிடித்தார்கள். அப்படியே நான்கு, ஐந்து என்று வளர்ந்தது. சந்தா கிடையாது, தலைவர் கிடையாது. வட்டமாக உட்கார்ந்து அவரவர் அனுபவத்தைச் சொல்வார்கள். ஆயுசு முழுக்க விடுவேன் என்று சத்தியம் வாங்க மாட்டார்கள். இன்றைய ஒரு நாளைக் குடிக்காமல் கடந்தால் போதும். நாளைக்கு நாளைப் பார்க்கலாம்.

அப்போது பில் பரம ஏழை. டவுன்ஸ் ஆஸ்பத்திரி முதலாளி அவருக்குச் சம்பளத்தோடு வேலை தர முன்வந்தார். கூட்டத்தில் இருந்தவர்கள், காசு வாங்கிக்கொண்டு செய்தால் இது கெட்டுவிடும் என்றார்கள். பில் வேலையை விட்டுக்கொடுத்தார். 1939ல் ஏ.ஏ.யின் புத்தகம் வெளிவந்தது. அதே வருஷம் அவர்கள் குடியிருந்த வீடு பறிபோனது. இரண்டு வருஷம் கணவனும் மனைவியும் நண்பர்கள் வீடு வீடாகத் தங்கினார்கள். 1941ல் ஒரு பிரபல வாரப் பத்திரிகையில் கட்டுரை வந்த பிறகு உறுப்பினர் எண்ணிக்கை ஒரே வருஷத்தில் சுமார் 2,000லிருந்து 8,000 ஆயிற்று. குடிநோயாளிகளின் குடும்பத்துக்காக லோயிஸ் 1951ல் அல்-அனான் அமைப்பைத் தொடங்கினார். 1954ல் யேல் பல்கலைக்கழகம் தர வந்த கௌரவப் பட்டத்தை பில் வேண்டாம் என்றார். பெயர் வெளியே வரக் கூடாது என்பது அவர்களே வைத்த விதியல்லவா!

தெய்வப் பிறவி அல்ல

குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நினைக்கிறோம். பில்லுக்கு ஆகவில்லை. 1944லிருந்து சுமார் பதினொரு வருஷம் கடுமையான மனச்சோர்வு. படுக்கையை விட்டு எழ முடியாத நாட்கள் உண்டு. அவர் வெட்கப்படாமல் மனநல மருத்துவரிடம் போனார். குடிநோயும் மனநோயும் பல பேருக்குச் சேர்ந்தே வரும், இரண்டுக்கும் வைத்தியம் பார்க்கணும் என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது.

இன்னொரு விஷயம். சிகரெட்டை அவரால் விட முடியவில்லை. நுரையீரல் கெட்டு, 1971 ஜனவரி 24ஆம் தேதி, தன் 53ஆவது திருமண நாளன்று மயாமியில் இறந்தார். சாவுக்கு முந்தைய வாரங்களில் அவர் விஸ்கி கேட்டார் என்று நர்ஸ்களின் குறிப்பேட்டில் இருந்ததை 2004ல் வந்த அவருடைய வாழ்க்கை வரலாறு சொல்கிறது. யாரும் கொடுக்கவில்லை. 36 வருஷம் குடிக்காதவர் கேட்டிருக்கிறார்! இதைப் படித்தபோது என் மனதில் அவர் மதிப்பு குறையவில்லை, கூடியது. ஆசை செத்துப்போன மனிதரின் வெற்றி இல்லை அது. ஆசை உள்ளே இருக்க இருக்கவே ஒவ்வொரு நாளாகக் கடந்தவரின் வெற்றி.

நமக்கு என்ன?

ஏ.ஏ. இன்று சுமார் 180 நாடுகளில் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டம் நடக்கிறது. 27 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் அறிக்கை, அறவே குடிக்காமல் இருக்க இந்த முறை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ அதைவிட நன்றாகவோ உதவுகிறது என்றது. எல்லோருக்கும் இது ஒன்றே போதும் என்று சொல்ல முடியாது. மருந்துகளும் ஆலோசனையும் உண்டு. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே கட்டிப்போட்டு நிறுத்த வைப்பது கூடவே கூடாது. அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

அப்ரண்டிஸ் சேர்ந்ததும் ட்ரீட் கேட்பார்கள், முதல் சம்பளத்துக்கும் கேட்பார்கள். ஒரு கிளாஸ்தானே என்பார்கள். யாருடைய உடம்பில் அந்த ஹோல்டிங் காண்டாக்ட் இருக்கிறது என்று அழுத்திப் பார்க்கும் முன்னால் யாருக்கும் தெரியாது. நம் வீட்டிலோ தெருவிலோ ஏற்கெனவே மாட்டிக்கொண்ட அண்ணன், சித்தப்பா யாராவது இருந்தால், அவரிடம் போதையில் இருக்கும்போது சண்டை போடாதீர்கள். தெளிந்த நேரத்தில் பக்கத்தில் உட்காருங்கள். ஏசியவர்கள் அவருக்கு ஏற்கெனவே நிறையப் பேர். உட்கார்ந்து கேட்டவர்தான் இன்னும் யாரும் இல்லை.