19 வயதில் கப்பலில் போட்ட கணக்கு: யார் இந்த சந்திரசேகர்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மாசி மாத ராத்திரியில் மொட்டை மாடிக்குப் போனால், தெற்கு வானத்தில் பளிச்சுனு ஒரு நட்சத்திரம் தெரியும். பெயர் சிரியஸ். அதுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு துணை உண்டு. அளவு பூமி மாதிரி, எடையோ கிட்டத்தட்ட சூரியன் மாதிரி! எரிபொருள் தீர்ந்துபோன இப்படிப்பட்ட நட்சத்திரம்தான் 'வெள்ளைக் குள்ளன்'.

இந்தக் குள்ளன் அதிகபட்சம் எவ்வளவு எடை தாங்கும்? கணக்குப் போட்டவர் சுப்ரமணியன் சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்து, சென்னையில் வளர்ந்தவர். சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன்.

மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்ததும் கேம்பிரிட்ஜ் போக வாய்ப்பு வந்தது. வீட்டிலோ அம்மா சீதாலட்சுமி படுத்த படுக்கை. போகலாமா வேண்டாமா என்ற தவிப்பு. போய்த்தான் ஆகணும் என்று அனுப்பி வைத்தவர் அந்த அம்மாதான். அடுத்த வருஷமே அவர் இறந்துவிட்டார். மகனால் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியவில்லை.

1930 ஜூலை 31, பம்பாயில் கப்பல் ஏறினார். பயணத்தில் பொழுதுபோக்கு? கணக்குதான். வெள்ளைக் குள்ளனின் உள்ளே நெருக்கியடித்து ஓடும் எலக்ட்ரான்களுக்கு ஐன்ஸ்டீனின் சார்பியலைப் பொருத்திப் பார்த்தார். எடை ஒரு எல்லையைத் தாண்டினால் நட்சத்திரத்தால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்று விடை வந்தது. பின்னாளில் துல்லியமாக்கப்பட்ட அந்த எல்லை, சூரியனைப் போல சுமார் 1.44 மடங்கு.

1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேசியவர், அன்றைய வானியலின் பெரிய தலை ஆர்தர் எடிங்டன். மாதக்கணக்கில் சந்திராவின் அறைக்கே வந்து கணக்கின் போக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவரே மேடையில் அதைக் கேலி செய்தார். அரங்கம் சிரித்தது. போர், பவுலி போன்ற ஜாம்பவான்களுக்கு சந்திரா பக்கம்தான் நியாயம் எனத் தெரியும். ஆனா யாரும் வெளியே வாய் திறக்கலை. இதுதான் ரொம்ப வலிக்கிற இடம்.

1937-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1939-ல் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதிவிட்டு வேறு துறைக்கு நகர்ந்துவிட்டார். ஆச்சரியம், எடிங்டனோடு நட்பை மட்டும் முறிக்கவில்லை. நோபல் வந்தது 1983-ல், 1995-ல் மறைந்தார்.

அந்த எல்லைக்கு இப்போதும் வேலை இருக்கு. வழக்கமாக வெள்ளைக் குள்ளனின் மேற்பரப்பில் ஹைட்ரஜனோ ஹீலியமோதான் இருக்கும். கார்பன் உள்ளே புதைந்துவிடும். 2007-ல் பாட்ரிக் துஃபூர் குழு, மேற்பரப்பே பெரும்பாலும் கார்பனாக இருக்கும் விசித்திரக் குள்ளன்களை அறிவித்தது. ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில் ஹைட்ரஜனின் தடயங்களுக்குப் பதில் கார்பனின் தடயங்கள்! இரண்டு குள்ளன்கள் மோதி ஒன்றாகி, சந்திரசேகர் எல்லையைத் தாண்டாததால் வெடிக்காமல் தப்பியவை இவை என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு.