காற்றை மருந்தாகக் கண்டவர்

காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் ஒன்று இருந்தது. அந்நோயை விளைவிக்கும் நுண்ணுயிரை இராபர்ட் கோக் 1882ஆம் ஆண்டிலேயே கண்டறிந்துவிட்டார். ஆயினும், அதனை அழிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட அறுபது ஆண்டுகளில் மருத்துவர்களின் கையிலிருந்தவை தூய காற்று, சத்தான உணவு, ஓய்வு ஆகியவையே. அவற்றை நம்பித் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து.

1864இல் பிறந்த சௌரி முத்து, இங்கிலாந்தில் மருத்துவம் பயின்று அங்கேயே பணியாற்றினார். சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் இருந்த காசநோய் நலவாழ்வு இல்லத்திற்குத் தலைமை மருத்துவரானார். ஆள்வோரின் நாட்டில், ஆளப்படும் நாட்டைச் சேர்ந்த ஒருவர் மருத்துவமனையை நடத்தியது அக்காலத்தில் எளிதாகக் காணக்கூடியதன்று. அங்கே பனிக்காலத்திலும் சாளரங்கள் திறந்தே இருக்கும். அடைத்த அறையில் தங்கிய காற்று நோயை வளர்க்கும் என்பதும், ஓடும் காற்று உடலுக்கு வலுவூட்டும் என்பதும் அன்றைய மருத்துவக் கொள்கை. நோயின் வேர் நுண்ணுயிரில் மட்டுமல்லாமல் வறுமையிலும் நெருக்கடியான குடியிருப்பிலும் இருப்பதாகச் சௌரி முத்து கருதினார்.

1914இல் கணித மேதை இராமானுசன் சென்னையிலிருந்து சென்ற கப்பலில் அவரும் பயணம் செய்தார். மூன்றாண்டுகள் கழித்து, உடல்நலம் குன்றிய இராமானுசன் மெண்டிப் இல்லத்திற்கே நோயாளியாக வந்தார். காவிரிக்கரை வெயிலில் வளர்ந்தவருக்கு அங்கிருந்த குளிர் பெருந்துன்பமாயிற்று. அவரைப் பற்றியது காசநோய்தானா என்பதையே பிற்கால மருத்துவ ஆய்வாளர்கள் ஐயுறுகின்றனர். ஒரே மருத்துவம் எல்லா உடலுக்கும் ஒத்துவருவதில்லை.

தாயகம் திரும்பிய சௌரி முத்து, 1928இல் சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்தில், பச்சைமலை அடிவாரத்தில் ஏறத்தாழ 250 ஏக்கர் நிலத்தில் ஒரு நலவாழ்வு இல்லத்தை நிறுவினார். தொடக்கத்தில் அங்கிருந்தவை 12 படுக்கைகள் மட்டுமே. குளிர்நாட்டில் நோயாளியை நடுங்கவைத்த திறந்த சாளரம், கடற்காற்று எட்டும் இந்நிலத்தில் இதமளித்தது. 1937இல் அரசு இவ்வில்லத்தை ஏற்றுக்கொண்டது. 1940இல் அவர் மறைந்தார். இன்னும் மூன்றாண்டுகள் வாழ்ந்திருந்தால் முதல் மருந்தைக் கண்ணால் கண்டிருப்பார்.

மருந்துகள் வந்தபின் நலவாழ்வு இல்லங்களின் தேவை குறைந்தது. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு, முறையாக மருந்துண்டால் வீட்டிலிருந்தே குணமடையலாம் என்று மெய்ப்பித்தது. காற்று நோயைக் குணமாக்கும் என்ற நம்பிக்கை அத்துடன் தளர்ந்தது. ஆனால், அதே காலத்தில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ரிச்சர்ட் ரைலி முதலியோர் வேறொன்றைக் கண்டனர். காசநோயாளிகள் தங்கிய அறைகளின் காற்றைக் குழாய்வழியே கினிப்பன்றிகளின் கூண்டுகளுக்குச் செலுத்தியபோது, நோயாளியின் அருகே செல்லாமலேயே அவ்விலங்குகளுக்கு நோய் தொற்றியது. இருமலில் வெளிப்படும் நுண்துளிகள் உலர்ந்து நெடுநேரம் மிதக்கின்றன. புதிய காற்று மிகுதியாக நுழைய நுழைய அவற்றின் செறிவு குறைகிறது. படுத்திருப்பவருக்கு மருந்தென எண்ணித் திறந்துவைத்த சாளரம், பக்கத்துப் படுக்கையில் இருந்தவரையும் பணிபுரிந்த செவிலியரையும் காத்துவந்திருக்கிறது!

1993 முதல் தாம்பரம் மருத்துவமனை எய்ட்ஸ் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. நோயெதிர்ப்பாற்றல் இழந்தோரும் காசநோயுற்றோரும் ஒரே வளாகத்தில் தங்கும்போது, காற்று செல்லும் திசையே உயிர்காக்கும் செய்தியாகிறது. காற்றைப் புதுப்பிக்காமல் உள்ளேயே சுழலவிடும் குளிரூட்டிகள் அறையைக் குளிர்விக்குமே தவிர, தொற்றை வெளியேற்றா. நவீன மருத்துவமனைகளில் தொற்றுநோயாளியின் அறையில் காற்றழுத்தத்தைச் சற்றுக் குறைத்துவைத்து, அங்குள்ள காற்று நடைக்கூடத்திற்குக் கசியாதவாறு தடுக்கின்றனர். இயற்கைக் காற்றோட்டத்தை நம்பும் இத்தகைய அறைகளில் நோயாளி ஒருவருக்கு விநாடிக்கு 160 லிட்டர் காற்று வேண்டும் என 2009இல் உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுத்தது.

சௌரி முத்துவின் இல்லம் இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையாக இயங்குகிறது. அதன் அருகே உள்ள தொடர்வண்டி நிலையத்திற்குத் தாம்பரம் சானடோரியம் என்பதே பெயர்.