சுவரில் கிறுக்கிய பிள்ளைகளும் ஒரு டாக்டரம்மாவும்

நம் கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போவதற்குள் மூன்று ப்ளே ஸ்கூல் போர்டுகள் இருக்கின்றன. இரண்டில் மாண்டிசோரி என்று எழுதியிருக்கிறது. அது ஒரு அம்மாவின் பெயர் என்பது எனக்கே சமீபத்தில்தான் தெரியும். நம் பிளாக்கில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனை அப்படி ஒரு போர்டு மாட்டிய பள்ளியில் சேர்த்தார்கள். ஒரே வாரத்தில் வேறு இடம் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வருத்தத்தில்தான் இந்த அம்மையாரின் கதையைத் தேடிப் படித்தேன்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31 அன்று இத்தாலியில் பிறந்தவர். பெண்கள் டாக்டருக்குப் படிப்பதே அதிசயமாக இருந்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் வாங்கினார். அங்கே மனநோய்ப் பிரிவில் வேலை பார்த்தபோது நகரத்தின் காப்பகங்களுக்குப் போய்வர வேண்டியிருந்தது. மனவளர்ச்சி குறைந்த குழந்தைகளைப் பெரியவர்களான மனநோயாளிகளோடு சேர்த்து அடைத்து வைத்திருந்தார்கள். கையில் பிடிக்க ஒரு பொருள்கூடக் கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு மருந்தைவிடப் படிப்புதான் முக்கியம் என்ற எண்ணம் அவருக்கு அங்கே வந்தது.

இத்தார், செகன் என்று இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதே மாதிரிக் குழந்தைகளோடு முன்பே வேலை செய்திருந்தார்கள். அவர்கள் எழுதியதைத் தேடியெடுத்து, தன் கையாலேயே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிப் படித்தார். 1900இல் ரோமில் இந்தக் குழந்தைகளுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது அதன் இரு பொறுப்பாளர்களில் ஒருவரானார். தொட்டுப் பார்க்கும் எழுத்துகள், பட்டன் மாட்டிப் பழகும் சட்டங்கள், அளவு பார்த்துச் செருகும் மரக்கட்டைகள் என்று கைக்கு வேலை கொடுத்தார். காப்பகத்திலிருந்து வந்த பிள்ளைகளில் சிலர் மற்ற பிள்ளைகளோடு அதே பரீட்சை எழுதிப் பாஸானார்கள். ஊரே பாராட்டியது. அவருக்கு வந்த யோசனை வேறு: இவர்களே இவ்வளவு வந்துவிட்டார்கள் என்றால், மற்ற பிள்ளைகளை நம் பள்ளிக்கூடங்கள் எந்த அளவுக்கு அமுக்கி வைத்திருக்கின்றன?

இதே காலத்தில் அவர் ஒரு துக்கத்தைச் சுமந்துகொண்டிருந்தார். அந்தப் பள்ளியின் இன்னொரு பொறுப்பாளரான மருத்துவர் மொண்டெசானோவுக்கும் அவருக்கும் 1898இல் ஒரு மகன் பிறந்திருந்தான். கல்யாணம் நடக்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்தால் வேலையும் பெயரும் போய்விடும் என்பதால் குழந்தை மாரியோ கிராமத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். ஊரார் குழந்தைகளுக்காக ராப்பகலாக உழைத்தவர் தன் குழந்தையை யாருக்கும் தெரியாமல்தான் போய்ப் பார்க்க முடிந்தது. மொண்டெசானோ வேறொருவரை மணந்துகொள்ள, 1901இல் அம்மையார் பள்ளியை விட்டு விலகினார். பையனுக்குப் பதினைந்து வயது ஆகும்போதுதான் தன்னோடு அழைத்துக்கொண்டார். அப்புறமும் பல வருஷம் ஊருக்கு அவன் உறவுக்காரப் பையன், வளர்ப்பு மகன்.

அடுத்து வருவது நம் நியூஸ்லெட்டருக்கென்றே நடந்த மாதிரி இருக்கும். ரோமில் சான் லோரென்ஸோ என்ற ஏழைகள் பகுதியில் ஒரு கம்பெனி பழைய அடுக்குமாடிக் குடியிருப்புகளை வாங்கிப் புதுப்பித்தது. அப்பா அம்மா வேலைக்குப் போனதும் வாண்டுகள் மாடிப்படியில் ஓடி, சுவரெல்லாம் கிறுக்கிவைத்தார்கள். (எந்த ஊர் அசோசியேஷனுக்கும் இதே பஞ்சாயத்துதான் போல!) கட்டடத்திலேயே ஒரு அறையை ஒதுக்கி, அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அம்மையாரைக் கூப்பிட்டார்கள். 1907 ஜனவரி 6 அன்று அந்தக் குழந்தைகள் வீடு திறந்தது. சுவர் ரிப்பேருக்கு ஆகும் பணத்தை மிச்சப்படுத்திப் பள்ளியை நடத்துவது என்பது கணக்கு. டீச்சர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமாக அனுப்புவதும், வாரம் ஒரு முறையாவது டீச்சரிடம் வந்து பேசுவதும் தாயின் பொறுப்பு. உள்ளே வைத்த சாமான்களில் பலவும் அந்தச் சிறப்புக் குழந்தைகளுக்காகச் செய்தவைதான். இன்று ப்ளே ஸ்கூல் அலமாரிகளில் இருக்கும் உப்புத்தாள் எழுத்துக்கும் மரக்கட்டைக்கும் பூர்வீகம் அங்கே இருக்கிறது.

பிறகு உலகப் புகழ். முசோலினி அரசோடு சில வருஷம் ஒத்துப்போனதும் உண்டு. அது அவர் வாழ்க்கையில் ஒரு கறை. 1934இல் உறவு முறிந்து நாட்டை விட்டே வெளியேறினார்.

1939இல் அறுபத்தொன்பது வயதில் மாரியோவோடு சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபையில் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் வரவேற்றார்கள். ஆசிரியர் பயிற்சிக்குச் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதங்கள் இருந்துவிட்டுப் போக நினைத்தவரை யுத்தம் நிறுத்திவிட்டது. 1940இல் இத்தாலி எதிரி நாடானதும் மாரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். அம்மையார் சபை வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். அவருடைய எழுபதாவது பிறந்த நாளுக்குப் பரிசாக அரசாங்கம் மாரியோவை விட்டது. ஒருமுறை பிரிந்திருந்த மகனை இரண்டாம் முறையும் பிரிந்து திரும்பப் பெற்ற தாய்க்கு அதைவிடப் பெரிய பரிசு என்ன இருக்கப்போகிறது.

1942 முதல் 1944 வரை இருவரும் இருந்தது நமக்குப் பக்கத்தில், பழனியைத் தாண்டி மலையேறினால் வரும் கொடைக்கானலில். பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து, செடி, பூச்சி, இலை என்று கையில் கொடுத்துக் கற்பித்தார்கள். 1943இல், அவர் கொடைக்கானலில் இருந்தபோது, அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் பதினோரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இன்று நாம் ஆட்டிசம் என்று சொல்வதை மருத்துவ உலகம் தனியாக அடையாளம் கண்டது அதிலிருந்துதான். ரோமில் அவர் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் பொருந்தியிருக்குமோ, அப்போது பெயரே கிடையாது.

1952 மே 6 அன்று நெதர்லாந்தில் ஒரு கடலோர ஊரில் காலமானார். அங்கேயே அடக்கம். மாரியோ கடைசிவரை அவர் வேலையைத் தொடர்ந்தார்.

மேலே சொன்ன நம் பிளாக் பையனின் அம்மா இதை எழுதச் சம்மதித்தார். பெயர் மட்டும் வேண்டாம் என்றார். கூட்டமும் சத்தமும் பையனுக்கு ஒத்துக்கொள்வதில்லை. மற்ற பிள்ளைகள் மேலே போன பிறகு எட்டு மணிக்குத்தான் ஊஞ்சலுக்குக் கூட்டி வருகிறார். எட்டரைக்கு நாம் ப்ளே ஏரியா லைட்டை அணைத்துவிடுகிறோம். ஒன்பதரை வரை எரியவிட வேண்டும் என்று மனு கொடுத்திருக்கிறார். அடுத்த பொதுக்குழுவில் அது நான்காவது அஜெண்டா. மெயின்டெனன்ஸ் கணக்கு முடிந்ததும் எழுந்து போகாமல் கொஞ்சம் உட்காருங்கள்.