மலேரியாவின் வழியைக் கண்டறிந்த மருத்துவர் ரொனால்ட் ராஸ்

மனித குலத்தை வாட்டி வந்த நோய்களுள் மிகப் பழைமையானது மலேரியாக் காய்ச்சல். முதலில் உடல் நடுங்கக் குளிரெடுக்கும். பின்னர்க் காய்ச்சல் நெருப்பாய்க் கொதிக்கும். அதன்பின் வியர்த்துக் கொட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், அல்லது இருநாள் விட்டு ஒருநாள் என முறை தவறாது வருவதால் இதனை முறைக்காய்ச்சல் என்றும் நம் முன்னோர் வழங்கினர். இந்நோய் இரத்தத்தை வற்றச் செய்யும். மண்ணீரலை வீங்கச் செய்யும். இறுதியில் உயிரையும் குடிக்கும். சதுப்பு நிலங்களிலிருந்து எழும் நச்சுக்காற்றே இதற்குக் காரணம் என மக்கள் பன்னெடுங்காலம் நம்பினர். மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். அந்த நம்பிக்கை தவறானது என்று உலகுக்குக் காட்டிய பெருமக்களுள் முதன்மையானவர் ரொனால்ட் ராஸ்.

இவர் 1857ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இந்தியாவின் இமயமலைச் சாரலில் உள்ள அல்மோரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலேயப் படையில் உயர் அதிகாரி. பத்துப் பிள்ளைகளுள் மூத்தவரான ராஸ், எட்டு வயதில் கல்விக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். கவிதை, இசை, ஓவியம், கணிதம் ஆகியவற்றிலேயே அவருடைய மனம் தோய்ந்தது. மருத்துவராக வேண்டும் என்று அவர் கனவு கண்டதே இல்லை. எனினும் தந்தையாரின் விருப்பத்துக்கு இணங்கி இலண்டன் மாநகரின் புனித பார்த்தலோமியு மருத்துவமனையில் பயின்றார். படிப்பில் முழுமனத்தோடு ஈடுபடாமையால் ஒரு தேர்வில் தோல்வியும் கண்டார். பின்னர்க் கப்பல் மருத்துவராகச் சில காலம் பணிபுரிந்து, மீண்டும் முயன்று தேறி, 1881ஆம் ஆண்டு இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னைக்கு வந்தார்.

1883ஆம் ஆண்டில் அவர் பெங்களூரில் பணிபுரிந்தார். தங்கியிருந்த வீட்டில் கொசுத்தொல்லை பொறுக்க முடியாததாய் இருந்தது. காரணம் தேடிச் சுற்றிப் பார்த்தபோது, சன்னலுக்கு வெளியே இருந்த ஒரு தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைக் கண்டார். தொட்டியைக் கவிழ்த்தார், கொசுக்கள் குறைந்தன. மற்றவர்கள் நாள்தோறும் அத்தொட்டியைக் கடந்து சென்றவர்களே. ஆனால், உற்று நோக்கியவர் அவர் ஒருவரே. இச்சிறு நிகழ்ச்சியின் பொருள் பல ஆண்டுகளுக்குப் பின்னரே அவருக்கு முழுமையாக விளங்கிற்று.

இதற்கு முன்பே, 1880ஆம் ஆண்டில், அல்ஜீரியா நாட்டில் பணியாற்றிய லாவெரான் என்னும் பிரெஞ்சு இராணுவ மருத்துவர், மலேரியா நோயாளியின் இரத்தத்தில் நுண்ணுயிர் ஒன்று உயிரோடு அசைவதை உருப்பெருக்கியின் வழியாகக் கண்டிருந்தார். நோய்க்குக் காரணம் அந்த ஒட்டுண்ணியே என்பது தெரிந்தது. ஆனால், அஃது ஒருவர் உடலிலிருந்து மற்றொருவர் உடலுக்கு எவ்வாறு செல்கிறது? இந்தப் புதிருக்கு விடை காண்பார் இல்லை.

1894ஆம் ஆண்டு விடுப்பில் இலண்டன் சென்ற ராஸ், அங்கே பேட்ரிக் மான்சன் என்னும் மூத்த மருத்துவரைச் சந்தித்தார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு கொசுவின் உடலில் வளர்வதைச் சீன நாட்டில் 1877ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தவர் மான்சன். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று அவர் கருதினார். லாவெரானின் கூற்றை அதுவரை ஐயுற்றிருந்த ராஸுக்கு அந்த ஒட்டுண்ணியை உருப்பெருக்கியில் காட்டித் தெளிவித்தவரும் அவரே. மாணாக்கனின் உள்ளத்தில் ஆசிரியர் ஏற்றிய விளக்கு அன்று முதல் அணையவில்லை. இந்தியாவுக்குத் திரும்பிய பின் ராஸ் மான்சனுக்கு நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதித் தம் ஆய்வின் ஒவ்வொரு படியையும் தெரிவித்து வந்தார்.

1895ஆம் ஆண்டு செகந்திராபாத்தில் ஆய்வு தொடங்கியது. நோயாளிகளைக் கடிக்கச் செய்த கொசுக்களைப் பிடித்து, ஒவ்வொன்றாக அறுத்து, அணு அணுவாகச் சோதித்தார். இரண்டாண்டுகள் உழைத்தும் பயன் கிட்டவில்லை. காரணம், அவர் சோதித்தவை மலேரியாவைப் பரப்பாத இனக் கொசுக்கள். கொசுக்கள் பறந்துவிடுமே என்று அஞ்சி விசிறிகூடப் பயன்படுத்தாமல் கடும் வெயிற்காலத்தில் உழைத்தார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வையால் உருப்பெருக்கியின் திருகுகள் துருப்பிடித்தன. 1897ஆம் ஆண்டு ஊட்டிக்கு ஓய்வெடுக்கச் சென்றவர், அருகிலுள்ள சீகூர் மலைப்பாதையில் ஆய்வு செய்தபோது தாமே மலேரியாவுக்கு ஆளானார். ஆயினும் ஆய்வை நிறுத்தினாரில்லை. அங்குதான் சிறகுகளில் புள்ளிகளைக் கொண்டதும், உடலின் பின்பகுதியை உயர்த்தி அமர்வதுமான வேறோர் இனக் கொசு அவர் கண்ணில் பட்டது.

செகந்திராபாத் திரும்பியதும், அவருடைய உதவியாளர் ஒருவர் கொண்டு வந்த புழுக்களிலிருந்து அத்தகைய புள்ளிச் சிறகுக் கொசுக்கள் வெளிவந்தன. உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி, கடிக்கும் கொசு ஒன்றுக்கு ஓர் அணா கூலியாகப் பெற்று, அக்கொசுக்கள் தம் இரத்தத்தைக் குடிக்க இசைந்தார். 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20ஆம் நாள் ராஸ் அவற்றுள் ஒன்றை அறுத்துப் பார்த்தார். கொசுவின் வயிற்றுச் சுவரில், அதற்கு உரியனவல்லாத வட்ட வடிவமான உயிரணுக்கள் தென்பட்டன. அவற்றினுள்ளே மலேரியா ஒட்டுண்ணிக்கே உரிய கரிய துகள்கள் இருந்தன! மறுநாள் எஞ்சிய கொசுவை அறுத்தபோது அவ்வுயிரணுக்கள் முன்னிலும் பெரியனவாய் வளர்ந்திருந்தன. மனிதனிடமிருந்து கொசுவுக்குள் புகுந்த ஒட்டுண்ணி அங்கே வளர்கிறது என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. ஆகஸ்டு 20ஆம் நாள் இன்றளவும் உலகக் கொசு நாளாக நினைவுகூரப்படுகிறது.

வெற்றியின் வாயிலில் நின்ற வேளையில் சோதனை ஒன்று வந்தது. அரசாங்கம் அவரை மலேரியா அரிதாயிருந்த கெர்வாரா என்னும் ஊருக்கு மாற்றியது. மாதங்கள் வீணாயின. மான்சனின் பெருமுயற்சியால் 1898ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆய்வு செய்ய வாய்ப்புக் கிடைத்தது. பிளேக் நோய்க்கான ஊசியைக் கண்டு மக்கள் அஞ்சியிருந்த காலமாதலால், மருத்துவரை நெருங்கவே நோயாளிகள் தயங்கினர். ராஸ் மனந்தளராமல் பறவைகளுக்கு வரும் மலேரியாவை ஆராய்ந்தார். முகமது பக்ஷ், கிஷோரி மோகன் பந்தியோபாத்யாய ஆகியோர் துணைநின்றனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில், கொசுவின் வயிற்றில் வளர்ந்த ஒட்டுண்ணிகள் அதன் எச்சில் சுரப்பியை வந்தடைவதைக் கண்டார். பின்னர் அக்கொசுக்களை நலமாயிருந்த சிட்டுக்குருவிகளைக் கடிக்கச் செய்தார், குருவிகள் நோயுற்றன. கொசு கடிக்கும்போது அதன் எச்சிலோடு நோயும் உடலில் இறங்குகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

மனிதருக்கு வரும் மலேரியாவை அனோபிலிஸ் இனக் கொசுவே பரப்புகிறது என்பதை அவ்வாண்டின் இறுதியில் இத்தாலிய அறிஞர் கிராசியும் அவர்தம் தோழர்களும் முழுமையாக நிறுவினர். யார் முதல்வர் என்ற வழக்கு இருவருக்கும் இடையே எழுந்தது. ராஸ் வாழ்நாள் முழுவதும் அக்கசப்பை மறந்தாரில்லை. பெரியோரிடத்தும் குறைகள் உண்டு என்பதற்கு இஃது ஒரு சான்று. அறிவியல் என்பது பலர் கைகோத்து எழுப்பும் கட்டடமாகும். லாவெரான், மான்சன், கிராசி ஆகியோர் மட்டுமல்லர். ஓர் அணாவுக்குக் கொசுக்கடி பட்ட உசேன் கானும் அக்கட்டடத்தில் ஒரு கல்லை வைத்தவரே.

1899ஆம் ஆண்டு ராஸ் இந்தியப் பணியிலிருந்து விலகி, லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. பரிசு பெற்றதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. காரணத்தைக் கண்டறிந்தால் போதாது, நோயை ஒழிக்க வேண்டும் என்பதே அவர் கொள்கை. மேற்கு ஆப்பிரிக்காவின் பிரீடவுன், சூயஸ் கால்வாயின் இஸ்மாயிலியா, மொரீசியஸ் தீவு எனப் பல இடங்களுக்கும் சென்று, தேங்கிய நீரை அகற்றும் வழிகளைக் கற்பித்தார். இளமையில் விரும்பிய கணிதமும் அப்போது கைகொடுத்தது. கொசுக்கள் அனைத்தையும் அழிக்க வேண்டியதில்லை. அவற்றின் எண்ணிக்கையை ஓர் எல்லைக்குக் கீழே குறைத்துவிட்டால் நோய் தானாகவே மறையும் என்று 1910ஆம் ஆண்டில் தம் நூலில் கணக்கிட்டுக் காட்டினார்.

மொரீசியஸில் பள்ளிப் பிள்ளைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்து அவர் நோயை அளந்தார். பெரியவர்களை விடுத்துப் பிள்ளைகளைச் சோதித்தது ஏன்? மலேரியா மிகுந்த ஊரில் பலமுறை நோயுற்றுப் பிழைத்தவரின் உடல் நாளடைவில் ஓரளவு எதிர்ப்பாற்றலைப் பெறுகிறது. பிள்ளைகளுக்கு அவ்வாற்றல் இன்னும் அமைவதில்லை. ஆதலால் ஊரில் நோய் எவ்வளவு என்பதைப் பிள்ளைகளின் உடலே காட்டிவிடும். வெளியூரிலிருந்து புதிதாக வந்து குடியேறுவோரும் பிள்ளைகளைப் போன்றே எளிதில் நோய்க்கு இரையாவர்.

இவ்வுண்மை நமக்கு நன்கு விளங்கும். இந்நாட்டில் காடழித்து ரப்பர் நட வந்த நம் முன்னோர், புதியவர்களாகவே வந்து, மலேரியாவுக்குப் பெருந்தொகையில் பலியாயினர். 1901ஆம் ஆண்டு கிள்ளான் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன், ராஸ் காட்டிய வழியைப் பின்பற்றிக் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடியச் செய்தார். சில ஆண்டுகளிலேயே அங்குக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. கடலோரத்தில் நிழல் படிந்த சதுப்பு நீரில் ஓர் இனக் கொசு வளர்கிறது, மலைப்பாங்கான தோட்டங்களில் வெயில் படும் தெளிந்த ஓடையில் வேறோர் இனக் கொசு வளர்கிறது என்று அவர் கண்டார். ஆகையால் ஓரிடத்துக்குப் பொருந்திய வழி மற்றோரிடத்துக்குப் பொருந்தாது எனத் தெளிந்து, மலைத் தோட்டங்களில் மண்ணுக்கடியில் குழாய் பதித்தும், ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் நோயைத் தடுத்தார். 1911ஆம் ஆண்டு வெளிவந்த அவரது நூலுக்கு முன்னுரை வழங்கியவர் ராஸ். அக்கால்வாய்களை வெட்டியும், நாள்தோறும் எண்ணெய் தெளித்தும் உழைத்த தோட்டத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. ஆயினும் பல்லாயிரம் உயிர்களைக் காத்ததில் அவர்களுக்கும் பங்குண்டு என்பதை அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நீங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

1926ஆம் ஆண்டு இலண்டனில் ராஸின் பெயரால் ஆய்வுக்கூடம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கேயே 1932ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 16ஆம் நாள், தமது 75ஆம் வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர் தொடங்கிய போர் இன்னும் முடியவில்லை. கொசுவிடமிருந்து வரும் ஒட்டுண்ணி முதலில் மனிதனின் ஈரலில் மறைந்து வளர்கிறது என்பது 1948ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. குழந்தைகளுக்கான முதல் மலேரியாத் தடுப்பூசியைப் பரவலாகப் பயன்படுத்த உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. மலேசியாவில் 2018ஆம் ஆண்டு முதற்கொண்டு, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்நாட்டில் தோன்றவில்லை. எனினும் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசுவின் வழியே மனிதருக்குத் தாவும் மலேரியா இன்றும் உயிர்களைப் பறிக்கிறது. ஏடிஸ் கொசு பரப்பும் டிங்கிக் காய்ச்சலோ நம் வீட்டு வாசலிலேயே நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! ராஸ் பிறவி மேதையல்லர். தேர்வில் தோற்றவர், விருப்பமின்றி இத்துறைக்கு வந்தவர். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழிக்கு இலக்கணமாய் வாழ்ந்தவர். நோபல் பரிசு எல்லார்க்கும் கிட்டுவதில்லை. ஆனால், பெங்களூரில் அவர் கவிழ்த்த தொட்டியைப் போன்ற தொட்டிகள் நம் வீட்டைச் சுற்றிலும் உள்ளன. பூச்சாடித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பால்மரத்தில் கவிழ்க்காமல் விட்ட கிண்ணம் ஆகிய அனைத்திலும் மழைநீர் தேங்கும். வாரம் ஒருமுறை அவற்றைத் தேடிப் பார்த்துக் கவிழ்ப்போமாயின், அப்பெரியாரின் பணியை நாமும் நம் தோட்டத்தில் தொடர்ந்தவர்களாவோம்.