கெய்ரோவின் பாணர் ஷைகு இமாம்

நெறி தவறிய ஆட்சியைச் சினந்து பாடுவது ஒரு மரபு. சிரித்துப் பாடுவது மற்றொரு மரபு. பின்னதற்கு அங்கதம் என்று பெயர். வெளிப்படையாகப் பழிப்பதைச் செம்பொருள் அங்கதம் என்றும், மொழியை மறைத்துப் பழிப்பதைப் பழிகரப்பு அங்கதம் என்றும் தொல்காப்பியம் வகுத்துக் காட்டுகின்றது. தமிழ்ச் செய்யுளை நோக்கி வகுக்கப்பட்ட இவ்விலக்கணம், நைல் நதிக்கரையில் வாழ்ந்து மறைந்த ஒரு பாடகரின் பணியை அளந்தறியவும் நமக்குத் துணைபுரிகின்றது. அவரே ஷைகு இமாம்.

இருபதாம் நூற்றாண்டு எகிப்திய இசை என்றதும் உம்மு குல்தூம், முஹம்மது அப்துல் வஹ்ஹாப் ஆகியோர் பெயர்களே முன்னிற்கும். ஷைகு இமாமின் பெயர் அவ்வரிசையில் எண்ணப்படுவது அரிது. அவருடைய பாடல்களை அறிந்தோரும் அவற்றை எழுதிய கவிஞர் அஹ்மது ஃபுஆது நஜ்மையே பெரிதும் போற்றுவர். அச்சொற்களுக்கு உயிர் தந்த இசையை இரண்டாம் இடத்தில் வைப்பர். இஃது எவ்வளவு பொருந்தும் என்பதை அவர்தம் வாழ்வின் வழிநின்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

கெய்ரோவை அடுத்த கீஸாப் பகுதியில் உள்ள அபூ நும்ருஸ் என்னும் சிற்றூரில், 1918ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 2ஆம் நாள் இமாம் பிறந்தார். வறுமை சூழ்ந்த குடும்பம். கைக்குழந்தையாய் இருந்தபோதே கண்ணோய் வந்தது; நாட்டு மருத்துவம் நோயைத் தீர்க்கவில்லை; பார்வை பறிபோயிற்று. விழியிழந்த ஆண்பிள்ளைகளைக் குர்ஆன் ஓதப் பழக்குவது எகிப்தியச் சிற்றூர்களின் நெடுநாளைய வழக்கம். மகன் மார்க்க அறிஞனாக விளங்கவேண்டும் என்று தந்தையும் விழைந்தார். ஊர் மக்தபில் சேர்ந்த சிறுவர் திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து முடித்தார்.

ஓதும் முறையைக் கற்பிக்கும் தஜ்வீதுக் கலை, ஒவ்வோர் எழுத்தையும் அதன் பிறப்பிடத்திலிருந்து பிறழாது ஒலிக்கச் செய்வது. நீட்டல், நிறுத்தல் ஆகியவற்றுக்கு அளவு வகுப்பது. நம் இலக்கணத்தில் எழுத்துகளின் பிறப்பியலைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும். பிற்காலத்தில் இமாம் பாடிய பாடல்களில் ஒரு சொல்லும் இசையில் மூழ்கி மறைவதில்லை. அங்கதப் பாடலுக்கு இஃது இன்றியமையாதது. சொல் விளங்காவிடில் சிரிப்பு ஏது?

வானொலியால் வந்த வினை

மேற்கல்விக்காகக் கெய்ரோ வந்த இமாம், அல்-ஜம்இய்யா அஷ்-ஷர்இய்யா என்னும் சமயச் சங்கத்தில் சேர்ந்தார். எகிப்திய வானொலி 1934ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் தொடங்கப்பெற்றபோது முதலில் ஒலித்தது, காரீ முஹம்மது ரிஃப்அத் அவர்களின் திருக்குர்ஆன் ஓதலே. அவரும் பார்வையற்றவர். புதிய கருவியில் ஓதுதல் தகுமா என அறிஞர்களிடம் கேட்டுத் தெளிந்த பின்னரே அவர் ஓத இசைந்தார் என்பர்.

ஆனால் இமாம் பயின்ற சங்கத்தாரோ வானொலி கேட்பதையே விலக்கி வைத்திருந்தனர். தம் நெஞ்சுக்கு உவந்த ரிஃப்அத்தின் ஓதலை வானொலியில் கேட்டமைக்காக இமாம் அங்கிருந்து வெளியேற்றப்பட்டார். செய்தியறிந்த தந்தையும் வெகுண்டு அவரை ஒதுக்கினார். பார்வையும் இல்லை, பொருளும் இல்லை, திரும்பிச் செல்ல வீடும் இல்லை என்னும் நிலையில் இளைஞர் கெய்ரோவின் பழந்தெருக்களில் நின்றார். இறைமொழியை இனிய குரலில் கேட்டதே அவர் செய்த பிழையாகக் கொள்ளப்பட்டது என்பது எண்ணி வருந்தத்தக்கது.

இசைப் பயிற்சி

அல்-அஸ்ஹருக்கு அண்மையில் உள்ள கூரிய்யாப் பகுதியின் ஹோஷ் ஆதம் என்னும் சந்து அவருக்குப் புகலிடமாயிற்று. வீடுகளிலும் கடைகளிலும் குர்ஆன் ஓதி, கிடைத்ததைக் கொண்டு வாழ்ந்தார். அக்காலத்தில் ஷைகு தர்வீஷ் அல்-ஹரீரி என்னும் இசைப் பேராசிரியரின் தொடர்பு வாய்த்தது. முவஷ்ஷஹ் எனப்படும் பழைய அரபுப் பாவகைகளையும், நம் பண்களை ஒத்த மகாம்களின் நுட்பங்களையும் அவரிடம் கற்றார்.

அவ்வழியே உம்மு குல்தூமுக்கு இசையமைத்த ஸகரிய்யா அஹ்மதின் அறிமுகமும் கிட்டியது. புதிதாக அமைத்த மெட்டுகளை மறவாது மனத்திற் பதித்து வைப்பதற்கு இமாமின் நினைவாற்றலை ஸகரிய்யா பயன்படுத்திக்கொண்டார். ஒருமுறை கேட்டதை மீட்டுரைக்கும் ஆற்றல் ஹாபிஸ்களுக்கு வாய்த்த செல்வமன்றோ! எனினும், அரங்கேறுமுன்னரே அம்மெட்டுகள் நண்பர் வட்டத்தில் பாடப்பட்டமையால் மனக்கசப்பு விளைந்து தொடர்பு அறுந்தது. அதன்பின் இமாம் ஊத் என்னும் நரம்புக்கருவியைப் பயின்று, திருமண வீடுகளிலும் விழாக்களிலும் பாடத் தொடங்கினார். ஓதுவோரின் உடை மாறிற்று. ஷைகு என்னும் பட்டம் மட்டும் இறுதிவரை அவரை விட்டு அகலவில்லை.

கவிஞரும் பாடகரும்

1962ஆம் ஆண்டு அவர் வாழ்வின் திருப்புமுனை. சிறையிலிருந்து மீண்ட கவிஞர் நஜ்மை அவர் அவ்வாண்டில் சந்தித்தார். நஜ்ம் ஏட்டு அரபியை விடுத்து, கெய்ரோ மக்கள் கடைத்தெருவில் பேசும் மொழியிலேயே கவிதை புனைந்தவர். சில நாளில் அவரும் ஹோஷ் ஆதம் சந்துக்கே குடிவந்தார். ஒருவர் எழுத, மற்றவர் இசையமைக்க, இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது அக்கூட்டு. பெரிய வாத்தியக் குழு ஏதும் இல்லை. ஓர் ஊத், ஒரு தாளக் கருவி, உடனிருப்போர் சேர்ந்து பாடும் பல்லவி ஆகியவையே அவர்களின் அரங்கம். அந்தச் சிற்றறைக்கு மாணவர்களும் ஓவியர்களும் எழுத்தாளர்களும் தேடி வந்தனர்.

1967ஆம் ஆண்டு சூன் திங்களில் நிகழ்ந்த ஆறு நாள் போரில் எகிப்து தோற்றது. சீனாய் முழுவதும் பறிபோயிற்று. வெற்றி முழக்கமே கேட்டுப் பழகிய மக்கள் திகைத்து நின்றனர். அத்திகைப்பைப் பேச்சாக மாற்றியவை இவ்விருவரின் பாடல்கள். போர்முனையிலிருந்து திரும்பிய படைத்தலைவர்களை வாழ்த்துவது போல் பழிக்கும் ஒரு பாடல், இறைவனுக்கு நன்றி கூறும் சொல்லோடு தொடங்குகின்றது. நலம் கேட்டால் நாள்தோறும் நாம் கூறும் நன்றிச் சொல்லே அங்கே முள்ளாகக் குத்துகின்றது. அவ்வாண்டு அக்டோபரில் சேகுவேரா கொல்லப்பட்டபோது பாடிய இரங்கற்பாவும் அரபுலகெங்கும் பரவிற்று.

ஆட்சி முதலில் அவர்களை அணைத்துக்கொள்ளப் பார்த்தது. வானொலி வாயிலும் சிறிது காலம் திறந்தது. பாட்டின் கூர்மை மழுங்காமை கண்டபின், 1969இல் இருவரும் சிறையில் அடைக்கப்பட்டனர். அதிபர் நாஸிர் 1970 செப்டம்பரில் மறைந்தார். அதன் பின்னரே, 1971இல், அவர்கள் வெளிவந்தனர். அடுத்து வந்த சாதாத்தின் ஆட்சியிலும் சிறைவாசம் தொடர்ந்தது. சிறையிலும் பாட்டு நிற்கவில்லை என்பது அவருடன் இருந்தோர் கூறும் செய்தி.

செம்பொருளும் பழிகரப்பும்

ஷைகு இமாமின் பாடல்களில் அங்கதத்தின் இருவகையும் உண்டு. 1967இல் அமெரிக்காவுடன் அறுந்த தூதுறவை எகிப்து 1974இல் புதுப்பித்தது. அவ்வாண்டு சூன் திங்களில் அமெரிக்க அதிபர் நிக்சன் கெய்ரோ வந்தபோது வழிநெடுக மக்கள் திரட்டப்பட்டனர். அவ்வரவேற்பை ஊர்த் திருவிழா ஊர்வலமாகச் சித்திரித்து, விருந்தினரைத் தந்தையே என விளித்து, வாட்டர்கேட் ஊழலையும் அவருக்கு நினைவூட்டுகின்றது இமாமின் பாடல். இரண்டே திங்களில் நிக்சன் பதவி விலகினார். 1975 டிசம்பரில் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தான் வந்தபோது, அந்த நீண்ட அந்நியப் பெயரையே பல்லவியாக்கிப் பாடினார். வந்தவர் பசித்தோர் அனைவரையும் ஊட்டி நிறைப்பார் என்னும் வகையில் பாடல் வாக்குறுதிகளை அடுக்குகின்றது. அயல் முதலீட்டுக்குக் கதவு திறந்தால் வறுமை ஒழியும் என அரசு அந்நாளில் கூறிவந்தது. அதனைக் கேட்டிருந்த மக்களுக்கு உட்பொருள் உடனே விளங்கிற்று. அரசு வரவேற்பின் மிடுக்கையே மெட்டாக்கி, அதனை உள்ளிருந்து உடைத்தமை இசையமைப்பாளரின் திறம். இவை செம்பொருள் அங்கதம்.

ஹாஹாவின் பசு என்னும் பாடல் மற்றைய வகையது. ஒப்பாரியின் சாயலில், நாட்டுப்புறக் கதைபோல் அது நடக்கின்றது. ஹாஹா என்பானுக்கு வலிய பசு ஒன்று இருந்தது. அந்நியர் வீட்டினுட் புகுந்து அதன் பாலைக் கறந்துகொண்டனர். இறுதியில் பசு வீழ்ந்தது. அரசனென்றோ நாடென்றோ பாட்டு வெளிப்படையாகச் சொல்லவில்லை. எகிப்து என்பதைக் கேட்போர் தாமே கண்டுகொண்டனர். ஒருவர் பாட, ஏனையோர் குரல்கொடுக்கும் நாட்டார் மரபில் அமைந்தமையால், கேட்போரும் பாடுவோராயினர். பழிகரப்பு அங்கதத்திற்கு இதனினும் சிறந்த சான்று காண்டல் அரிது.

பழித்தல் மட்டுமே அவர் தொழிலன்று. நாட்டுப்பாடல்களில் எகிப்தின் குறியீடாக விளங்கும் பஹிய்யா என்னும் பெண்ணைத் தாயென விளித்துப் பாடிய அன்புப் பாடலும் அவருடையதே. யூசுஃப் ஷாஹீன் இயக்கிய சிட்டுக்குருவி என்னும் பொருள்படும் திரைப்படத்தில் அது இடம்பெற்றது. நாட்டை நேசித்தவரே நாட்டாட்சியைப் பழித்தார் என்பதனை நாம் மறத்தலாகாது.

கேட்டோர் காத்த குரல்

வானொலியும் தொலைக்காட்சியும் இசைத்தட்டு நிறுவனங்களும் எகிப்தில் அவருக்கு இடந்தரவில்லை. அவ்வாறாயின் பாடல்கள் எங்ஙனம் பரவின? வீடுகளில் அவர் பாடியவற்றை அன்பர்கள் சிறிய ஒலிப்பதிவுக் கருவிகளில் பதிவு செய்தனர். ஒரு நாடாவிலிருந்து மற்றொன்று, அதிலிருந்து பிறிதொன்று எனப் படியெடுத்து, மாணவர்களும் தொழிலாளர்களும் கைமாற்றினர். துனிசியா, லெபனான், பாலஸ்தீனம் எனப் பல நாடுகளையும் அவை சென்றடைந்தன. படியெடுக்குந்தோறும் ஒலி மங்கியது; பின்னணியில் இருமலும் சிரிப்பும் கைதட்டலும் சேர்ந்தன. ஓலைச்சுவடிகளை வழிவழியாகப் படியெடுத்துக் காத்த நம் முன்னோரின் செயலோடு இதனை ஒப்பிடலாம். ஒப்பமும் விற்பனையும் இன்றி, விருப்பம் ஒன்றே காரணமாகக் காக்கப்பட்ட இசை அது.

1984இல் அவர் பிரான்சுக்குச் சென்று பாடும் வாய்ப்புப் பெற்றார். வட ஆப்பிரிக்க நாடுகளிலும் பெருந்திரளான மக்கள் அவரை வரவேற்றனர். தம் பாடல்கள் தமக்கு முன்னரே அங்கெல்லாம் சென்று குடியேறியிருந்ததை அவர் நேரில் உணர்ந்தார். ஆயினும், அவ்வாண்டுகளிலேயே கவிஞருக்கும் பாடகருக்கும் இடையே பிணக்குத் தோன்றி, நெடுநாளைய கூட்டு முறிந்தது. இறுதிக்காலத்தைத் தம் சந்தின் சிற்றறையிலேயே கழித்த ஷைகு இமாம், 1995ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள் காலமானார். நஜ்ம் 2013இல் மறைந்தார்.

பிரிவுக்குப்பின் கவிஞரின் புகழ் வளர்ந்தது. பாடகரின் பெயர் மங்கிற்று. அச்சிட்ட நூல் நூலகத்தில் நிற்கும்; மங்கிய ஒலிநாடாவுக்கு அந்நிலை இல்லை. எனினும் 2011ஆம் ஆண்டு கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் மக்கள் திரண்டபோது, இமாம் இறந்த காலத்தில் பிறந்தேயிராத இளைஞர்களும் அவர் மெட்டுகளைப் பாடினர். இஸ்கந்தரெல்லா என்னும் இசைக்குழு அவற்றை மீண்டும் மேடையேற்றியது. சொல் மட்டுமே வாழ்ந்திருந்தால் அவ்விளைஞர்கள் அதனைப் படித்திருப்பர். அவர்கள் பாடினார்கள். அஃது இசையமைத்தவர் ஈட்டிய வெற்றியன்றோ!

நிறைவாக

குர்ஆன் ஓதிப் பழகிய நாவு ஆட்சியாளரை எள்ளிப் பாடலாமோ என்னும் ஐயம் நம்மிடையே மூத்தோர் சிலருக்கு எழக்கூடும். அவர்தம் பாடல்கள் அனைத்தும் ஒரு தரத்தன அல்ல. அந்தந்த நாளின் செய்தியோடு பிறந்து அதனோடு மறைந்தனவும் அவற்றுள் உண்டு. ஆயினும் அவர் தம் குரலை எந்த அரசவைக்கும் விற்கவில்லை. வறியோரை எள்ளி ஒரு பாடலும் பாடவில்லை. அவருடைய நகை என்றும் மேல்நோக்கியே எய்யப்பட்டது. பரிசில் பெறாத பாணர் அவர்.

மாணவச் செல்வங்கள் அங்கத இலக்கணத்தைத் தேர்வுக்காக மனனம் செய்வதோடு அமையாது, அஃது உலகில் யார் நாவில், எந்த இடுக்கண் நேரத்தில் உயிர்பெற்றது என்றும் தேடிக் காணவேண்டும். நம் ஊர்களிலும் எழுத்தறியாப் பாடகர்கள், பெயர் பதியப்பெறாத மெட்டமைப்பாளர்கள் பலர் உளர். அவர்கள் குரல் அடங்குமுன் அதனைப் பதிவு செய்து காப்பது தமிழ்த்துறை மாணவர்தம் கடமையாகும். ஹோஷ் ஆதம் சந்தின் சிற்றறையில் ஒலிப்பதிவுக் கருவியோடு அமர்ந்திருந்த பெயரறியா அன்பர்கள் இல்லையேல், ஷைகு இமாமைப் பற்றி இன்று நாம் எழுதுவதற்கு ஒன்றுமே எஞ்சியிராது.