தண்ணீருக்கு ரூட் போட்ட கர்னல்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் பென்னிகுவிக் என்ற பெயரைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. எங்க பக்கம் பல வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அவர் படம் இருக்கும். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பார்கள். தேனியின் புதிய பேருந்து நிலையத்துக்கே அவர் பெயர்தான். அவரைத் தெய்வமாகக் கும்பிட நமக்குத் தெரியும். ஆனால் நம்மைப் போலவே வரைபடமும் கணக்குமாக மல்லுக்கட்டிய ஒரு பொறியாளராக அவரைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த முயற்சிதான் இந்தக் கட்டுரை.

ஜான் பென்னிகுவிக் 1841 ஜனவரி 15 அன்று பூனாவில் பிறந்தார். அவருக்கு எட்டு வயது நிறையும் முன்பே, 1849 சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். இங்கிலாந்தில் படித்து, 1860-ல் சென்னை மாகாணத்துக்குப் பொறியாளராக வந்து சேர்ந்தார்.

அப்போது மதுரைச் சீமை வானம் பார்த்த பூமி. மேற்குத் தொடர்ச்சி மலை மழையைத் தடுத்து நிறுத்திவிடும். மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு பொங்கிப் பாய்ந்து அரபிக்கடலில் கலக்கும். இந்தப் பக்கம் வைகை மணலாகக் கிடக்கும். 1876 முதல் 1878 வரை வந்த தாது வருஷப் பஞ்சத்தில் சனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள்.

பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை பென்னிகுவிக்குடையது அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதை நினைத்தார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, முடியாது என்று எழுதிவிட்டுப் போனார். 1850-ல் தொடங்கிய சிறு முயற்சி காய்ச்சலுக்குப் பயந்து கைவிடப்பட்டது. 1882-ல் இந்தப் பொறுப்பு பென்னிகுவிக் கைக்கு வந்தபோது அவருக்கு வயது 41.

அவர் என்ன செய்தார் என்பதை என் பாடத்தை வைத்துச் சொல்கிறேன். நான் கணினிப் பொறியியல் மாணவன். எங்கள் லேப்பில் லினக்ஸ் போட்ட ஒரு கம்ப்யூட்டரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் உண்டு. ஒன்று கல்லூரி நெட்வொர்க்கைப் பார்த்தது, அதன் எண் 192.168.1.0/24. இன்னொன்று லேப்பைப் பார்த்தது, அதன் எண் 192.168.10.0/24. வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த வாசல் வழியே வெளியே போக வேண்டும் என்பதை ரூட்டிங் டேபிள் என்ற பட்டியல் முடிவு செய்யும். குறிப்பான வழி ஒன்று இருந்தால் அதற்கே முதலிடம். எதுவும் பொருந்தாவிட்டால் டிஃபால்ட் ரூட்.

பெரியாற்றின் டிஃபால்ட் ரூட் மேற்கு. சரிவு அப்படி. பென்னிகுவிக் அந்த வழியை அழிக்கவில்லை. தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து 5,704 அடி நீளச் சுரங்கம் போட்டு, கிழக்கே குறிப்பான இன்னொரு வழியைச் சேர்த்தார். மிஞ்சும் வெள்ளம் இன்றும் மதகு வழியே மேற்கே இடுக்கிக்குத்தான் போகிறது.

சுரங்கம் மட்டும் போதுமா? போதாது. ஆறு பள்ளத்தில் ஓடுகிறது, சுரங்கத்தின் வாய் மேலே இருக்கிறது. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே இருந்தால் ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் வராது. அதற்காகத்தான் 176 அடி உயரத்தில் அணை. லினக்ஸிலும் இதே கதைதான். இரண்டு கார்டுக்கும் முகவரி கொடுத்து, டேபிளையும் சரியாக எழுதிவிட்டாலும், ஐபி ஃபார்வர்டு என்ற மதிப்பு 0 என்று இருந்தால் ஒரு பக்கம் வந்த பாக்கெட் மறுபக்கம் போகாது. அதை 1 ஆக்க வேண்டும்.

ஒரு வித்தியாசமும் உண்டு. தண்ணீர் போனால் போனதுதான். டேட்டாவுக்குப் பதில் திரும்பி வர வேண்டும். ஆகவே எதிர்ப்பக்கத்து ரவுட்டருக்கும் நம் லேப்புக்கு வரும் வழியைச் சொல்லி வைக்க வேண்டும். இரண்டு இணைய இணைப்பு இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு வாசலில் வந்த கேள்விக்கு இன்னொரு வாசல் வழியே பதில் போனால் நடுவில் தடுத்து விடுவார்கள். அதற்குத் தனித்தனி டேபிள் எழுதி, புறப்படும் முகவரியைப் பார்த்து எந்த டேபிள் என்று தேர்ந்தெடுக்க ஐபி ரூல் போட வேண்டும்.

மீண்டும் கர்னலிடம் வருவோம். 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுக் குத்தகை கையெழுத்தானது. 8,000 ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய். 1887-ல் வேலை தொடங்கியது. காடு, யானை, அட்டை, மலேரியா, காலரா! ஆற்றை மறிக்கக் கட்டிய தற்காலிகக் கரைகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போனது. கட்டளையாக மட்டும் கொடுத்த ரூட் ரீஸ்டார்ட் செய்தால் அழிந்துபோவது மாதிரிதான். நிலைக்க வேண்டுமானால் கான்ஃபிகரேஷன் ஃபைலில் எழுத வேண்டும். அவர் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லுமாக மலையிலேயே எழுதினார். 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

அரசு பணம் நிறுத்தியதும் சொந்தச் சொத்தை விற்றுக் கட்டினார் என்று எங்க ஊரில் கதை சொல்வார்கள். அந்தக் கதை இல்லாவிட்டாலும் அவர் பெருமை ஒரு அங்குலம் குறையாது. முடியாது என்று எழுதி வைத்த இடத்தில் முடித்துக் காட்டியதே போதும். அவரோடு உழைத்து, காய்ச்சலில் மாண்ட நூற்றுக்கணக்கான கூலிகளையும் நாம் மறக்கக் கூடாது. அவர்களுக்கு ஊருக்கு ஊர் படம் கிடையாது.

அதன்பின் அவர் 1896 முதல் 1899 வரை கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக இருந்து மாணவர்களை உருவாக்கினார். 1911 மார்ச் 9-ல் கேம்பர்லியில் காலமானார். லோயர் கேம்ப்பில் 2013-ல் தமிழக அரசு அவருக்கு மணிமண்டபம் திறந்தது.

இதில் எனக்கு என்ன என்று கேட்கலாம். எங்க அப்பா, அம்மா இரண்டு பேருமே வயல் கூலி. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தச் சுரங்கத் தண்ணியை நம்பி இருக்கிறது. அணையில் தண்ணி இருந்து ஜூன் முதல் தேதி மதகு திறந்தால் நாற்று நடவு உண்டு. நடவு இருந்தால் கூலி உண்டு. அந்தக் கூலியில்தான் என் முதல் வருஷ ஃபீஸ் கட்டினோம். எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தண்ணி பிந்திய வருஷங்களில் எங்க அம்மா காதில் தோடு இருந்ததில்லை.

வழி போடுகிறவன் கையில் எத்தனை அடுப்பு எரிகிறது என்று அதனால் எனக்குத் தெரியும். நாளைக்கு நாம் ஒரு மருத்துவமனையிலோ பேங்கிலோ ரயில்வேயிலோ நெட்வொர்க் வேலை பார்ப்போம். நாம் எழுதும் ஒரு வரியில் யாரோ ஒருவரின் ரத்தப் பரிசோதனை முடிவோ பென்ஷனோ போய்ச் சேரும், அல்லது சேராது. டிப்ளமோதானே என்று பிறர் சொல்லட்டும். நண்பர்களே, இரண்டு பக்கமும் சோதித்துப் பார்த்து, ரீஸ்டார்ட் செய்தும் பார்த்து, அதன் பிறகே வேலை முடிந்தது என்று சொல்வோம். கர்னலுக்கு நாம் செலுத்தும் மாலை அதுதான்.

— மூன்றாம் ஆண்டு மாணவன், கணினிப் பொறியியல் துறை